பரதநாட்டியக் கல்வியில் வகுப்பு நிலை: மதுரை வட்டாரத்தை முன்வைத்து

பரதநாட்டியம் கற்க வரும் ஒருவரை எந்தப் படியில் சேர்ப்பது, எப்போது அடுத்த படிக்கு அனுப்புவது என்பதை முடிவுசெய்யும் வழக்கமே வகுப்பு நிலை எனப்படுகிறது. குருவின் வீட்டில் கற்ற காலத்தில் இதற்குத் தனிப் பெயர் இருக்கவில்லை. ஆசிரியரின் கண்ணே அதை முடிவுசெய்தது. நடனம் பள்ளிக்கும் தேர்வு மையத்துக்கும் கல்லூரிக்கும் வந்த பிறகு, ஒரே அறையில் ஒரே தாளத்துக்கு ஆடும் பத்துப் பதினைந்து பேரை எப்படிப் பிரிப்பது என்ற கேள்வி எழுந்தது. ஐந்து வயதில் சலங்கை கட்டியவரும் பதினேழு வயதில் முதன்முறையாக அரைமண்டியில் அமர்பவரும் கல்லூரியில் ஒரே ஆண்டில் சேர்கிறார்கள். இருவருக்கும் பொருத்தமான வகுப்பு எது என்பதற்கு மதுரையின் மரபில் பழைய விடைகளும் புதிய விடைகளும் உண்டு.

வெள்ளியம்பலத்து மாணவர்

வயது வந்த பின் நடனம் கற்றவர்களில் தமிழ் மரபு நன்கு நினைவில் வைத்திருப்பவர் ஒரு மதுரை அரசர். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 24ஆவது திருவிளையாடல் கால் மாறி ஆடியது. அறுபத்து நான்கு கலைகளில் அறுபத்து மூன்றில் தேர்ந்த இராசசேகர பாண்டியனுக்கு நடனம் மட்டும் தெரியாது. சோழனுக்கு அறுபத்து நான்கும் தெரியும் என்று ஒரு புலவர் வாயால் கேள்விப்பட்டு, பாண்டியன் ஆடக் கற்கத் தொடங்குகிறான். உடல் வலிக்கிறது, தளர்கிறது. தனக்குச் சில நாளிலேயே இத்தனை நோவு என்றால் ஓயாமல் ஒரே காலைத் தூக்கி நிற்கும் இறைவனுக்கு எவ்வளவு இருக்கும் என்று கலங்கி, காலை மாற்றி ஆடும்படி வேண்டுகிறான். மதுரை மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலின் வெள்ளியம்பலத்தில் நடராசர் வலக்கால் தூக்கி நிற்பதற்குச் சொல்லப்படும் கதை இது. மற்றத் தலங்களில் பொதுவாகத் தூக்கியிருப்பது இடக்கால்.

பக்திக் கதையாகவே இது சொல்லப்படுகிறது. கற்பித்தலின் கோணத்தில் பார்த்தால் கதைக்குள் கூர்மையான ஒரு கவனிப்பு இருக்கிறது. மற்ற அறுபத்து மூன்று கலைகளில் பெற்ற தேர்ச்சி அறுபத்து நான்காவதில் பாண்டியனுக்குக் கைகொடுக்கவில்லை. அறிவால் முன்னே நிற்பவர் உடலால் முதல் வகுப்பில் இருக்கிறார். தாமதமாக நடனம் தொடங்கும் ஒவ்வொருவரும் முதல் மாதத்தில் சந்திக்கும் நிலை இதுதான்.

சிலப்பதிகாரத்தின் இரண்டு ஆடல்கள்

குழந்தையிலிருந்து தொடங்கும் பாதைக்குச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை பழைய சான்று. மாதவி ஐந்தாம் வயதில் பயிற்சியைத் தொடங்கி, ஏழாண்டுகள் கற்று, பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் முன் அரங்கேறினாள். அவளுக்கு 1008 கழஞ்சுப் பொன்னும் தலைக்கோலிப் பட்டமும் கிடைத்தன. அரங்கின் அளவுகூடக் காப்பியத்தில் உண்டு: நீளம் எட்டுக் கோல், அகலம் ஏழு கோல், உயரம் ஒரு கோல். ஒரு கோல் என்பது 24 விரல் அளவு.

இந்தக் காதையில் அதிகம் பேசப்படாத பகுதி ஆசிரியர்களின் பட்டியல். ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என ஒவ்வொருவருக்கும் உரிய தகுதிகள் தனித்தனியே வகுக்கப்பட்டுள்ளன. ஆட்டம், பாட்டு, சொல், தாளம் ஆகியவை வெவ்வேறு தேர்ச்சிகள் என்பதும், ஒன்றில் வளர்ந்தவர் மற்றொன்றிலும் தானாக வளர்ந்திருப்பார் என்று கொள்ள முடியாது என்பதும் இதிலிருந்து தெரிகிறது. பிற்கால வகுப்பு முறைகள் பலவும் மறந்துவிட்ட செய்தி இது.

மாதவியின் அரங்கேற்றம் நடந்தது புகாரில். அதே காப்பியத்தில் மதுரையில் நடக்கும் ஆடல் வேறு வகை. கோட்டைக்கு வெளியே ஆயர்பாடியில் பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை. தீநிமித்தம் கண்ட மாதரி குரவை ஆடலாம் என்கிறாள். தங்களுக்கென ஏறு வளர்த்த ஏழு ஆயர் மகளிரை நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களின் பெயரை இடுகிறாள். உடனே ஆடல் தொடங்குகிறது. யார் எத்தனை ஆண்டு கற்றார் என்று எவரும் கேட்கவில்லை. ஊரோடு சேர்ந்து வளர்ந்த ஆடலுக்கு வகுப்பும் இல்லை, நிலையும் இல்லை. அரங்குக்கான ஆடலுக்கே அந்தக் கேள்வி வருகிறது.

மதுரைச் சமவெளியில் இந்த இரண்டாம் மரபு இன்றும் உயிரோடு இருக்கிறது. கைத்துணி வீசி ஆடும் ஒயிலாட்டம், தேவதுந்துபியின் அடிக்கேற்ப இராசகம்பளத்து நாயக்கர் ஆடும் தேவராட்டம், கரகம் ஆகியவற்றைப் பார்த்தும் கூட நின்றும் வளர்ந்த பிள்ளைகள் பிறகு பரதநாட்டிய வகுப்புக்கு வரும்போது, அவர்களை எங்கே சேர்ப்பது என்பது எளிய கேள்வியாக இருப்பதில்லை.

அடவு என்னும் ஏணி

இன்று வகுப்புகளில் பின்பற்றப்படும் படிவரிசைக்கு வடிவம் கொடுத்தவர்கள் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர்கள் தஞ்சை நால்வர். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் இந்தச் சகோதரர்கள் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சை மராட்டிய அரசவையில் இருந்தவர்கள். அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்ற நிகழ்ச்சி வரிசை அவர்களால் நிலைபெற்றது. அடவுகளை வகைப்படுத்திக் கற்பிக்கும் முறையும் அவர்கள் பெயரோடு சேர்ந்தே வழங்குகிறது.

நிகழ்ச்சி வரிசையே பாட வரிசையாகவும் அமைந்தது இதன் சிறப்பு. அலாரிப்பு சில நிமிடங்களில் முடிவது. பாட்டும் பொருளும் இல்லாமல் கண், கழுத்து, தோள், கால் எனப் படிப்படியாக உடலைத் திறப்பது. ஜதிஸ்வரத்தில் இசை சேர்கிறது, சப்தத்தில் சொல்லும் பொருளும் சேர்கின்றன. வர்ணம் அரை மணி நேரத்துக்கும் மேல் நீளும். கடினமான தீர்மானங்களுக்கு நடுவே பாவம் காட்ட வேண்டும், மூச்சு வாங்குவதை முகம் காட்டக்கூடாது. அலாரிப்பில் இருப்பவர், வர்ணத்துக்கு வந்துவிட்டவர் என்று ஆசிரியர்கள் பேசிக்கொள்வது இந்த வரிசையை வைத்துத்தான்.

அதற்கும் முன்னால் அடவுகள். முதலில் தட்டடவு. அரைமண்டியில் அமர்ந்து, பாதத்தை முழுதாக உயர்த்தி, தெய்யா தெய் என்ற சொற்கட்டுக்குத் தரையில் தட்டுவது. பின்பு காலை நீட்டிக் குதிகாலை ஊன்றும் நாட்டடவு. அதன்பின் தட்டிமெட்டு, குதித்துமெட்டு, மண்டி, சறுக்கல், தீர்மானம் என்று வரிசை போகும். பெயர்களும் எண்ணிக்கையும் பாணிக்குப் பாணி மாறும். ஒவ்வோர் அடவையும் மூன்று காலங்களில் செய்ய வேண்டும். இரண்டாம் காலம் முதற்காலத்தின் இருமடங்கு வேகம், மூன்றாம் காலம் நான்கு மடங்கு.

நிலையை அளக்க ஆசிரியர்கள் கையாண்ட எளிய கருவி இந்த மூன்று காலங்களே. முதற்காலத்தில் அழகாக நிற்கும் பலருடைய முழங்கால் மூன்றாம் காலத்தில் முன்னே சாயும், அரைமண்டி உயரும், முதுகு வளையும். தட்டுக்கழியால் பலகையில் தாளம் போடும் நட்டுவனார் கழியை நிறுத்தாமல் வேகத்தை மட்டும் ஒரு படி இறக்குவார். மாணவரின் நிலை என்னவென்று அந்த நொடியில் இருவருக்கும் தெரிந்துவிடும். தேர்வு, மதிப்பெண், சான்றிதழ் எதுவும் இதில் இல்லை.

இந்த ஏணிக்குக் கால அட்டவணையும் இருக்கவில்லை. 1918இல் பிறந்த டி. பாலசரஸ்வதிக்குக் கந்தப்ப பிள்ளையிடம் கற்ற பிறகு 1925இல் காஞ்சிபுரத்தில் அரங்கேற்றம் நடந்தது. அப்போது வயது ஏழு. தலைமுறை தலைமுறையாக இசையும் நடனமும் நிறைந்த வீட்டில் பிறந்தவருக்கு ஏழு வயது தாமதம் இல்லை, அவசரமும் இல்லை. பயிற்சி ஆண்டுகளை மட்டும் எண்ணுபவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். அவர் வகுப்பில் கழித்த நேரத்தைவிட வீட்டில் கேட்டுக்கொண்டே வளர்ந்த நேரம் பல மடங்கு.

மதுரையில் பிறந்த இன்னொருவர்

அந்த உலகம் 1930களில் மாறியது. தேவதாசி ஒழிப்பு இயக்கமும், அதன் முடிவாக வந்த 1947ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டமும் கோயிலோடு இணைந்த நடனத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தன. இன்னொரு புறம் சென்னை மியூசிக் அகாதெமியின் மேடையில் ஈ. கிருஷ்ண ஐயர் போன்றோரின் முயற்சியால் சதிர் புதிய பெயரோடு புதிய அவையைப் பெற்றது. கற்றவர்களின் குடும்பம் மாறியது. அதனால் கற்கும் வயதும் இடமும் மாறின.

இந்த மாற்றத்தின் நடுவில் நின்ற ருக்மிணி தேவி அருண்டேல் 1904 பிப்ரவரி 29 அன்று மதுரையில் பிறந்தவர். அவர் முதலில் ஈர்க்கப்பட்டது பாலே நடனத்தில். ரஷ்ய நடனக் கலைஞர் அன்னா பாவ்லோவாவின் ஆட்டத்தைக் கண்டு, ஆஸ்திரேலியப் பயணத்தின்போது அவரோடு பழகி, அவர் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்றார். சொந்த நாட்டின் கலையைத் தேடும்படி அவருக்குச் சொன்னவரும் பாவ்லோவாதான். பின்னர் மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பரதநாட்டியம் கற்று, 1935 டிசம்பரில் அடையாறு பிரம்மஞான சபையில் மேடையேறினார். கற்கத் தொடங்கியபோது அவருக்கு முப்பது வயதை ஒட்டி இருந்தது. இராசசேகர பாண்டியனைப் போல இவரும் தாமதமாக வந்த மாணவர். ஆனால் இவரிடம் ஏற்கெனவே பயின்ற உடல் இருந்தது.

பாவ்லோவா வந்த மரபில் வகுப்பு நிலை கறாரானது. பீட்டர்ஸ்பர்க் ஏகாதிபத்திய நடனப் பள்ளியில் வயது போதாது என்று முதலில் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பத்து வயதில், 1891இல் இடம் கிடைத்தது. 1899இல் பயிற்சியை முடித்தார். எட்டாண்டுகளும் ஆண்டுவாரியான வகுப்புகள். இங்கிலாந்தில் இதைப் பரவலாக்க 1920இல் ஒரு நடன ஆசிரியர் சங்கம் தோன்றியது. பின்னாளில் ராயல் அகாதெமி ஆனது அதுவே. ஊர்தோறும் உள்ள சிறு பள்ளிகளின் பிள்ளைகளையும் ஒரே பாடத்திட்டத்தில், படிப்படியான தேர்வுகளில் கொண்டுவந்தது. விரல் நுனியில் நிற்கும் காலணியைச் சிறு பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது, பாதத்தின் எலும்பும் கணுக்காலின் வலுவும் அதற்குத் தயாராக வேண்டும் என்பது அங்கே அடிப்படை விதி. ஆசை இருந்தாலும், பெற்றோர் கேட்டாலும் அந்தப் படியைத் தாவ முடியாது. பரதநாட்டியத்தில் இதற்கு இணையான இடம் மூன்றாம் காலமும் முழுமண்டியும். தொடை எலும்பு இடுப்பில் திரும்பாமல் முழங்காலை மட்டும் முறுக்கி அரைமண்டி அமர்பவர் வேகமாகத் தட்டினால், அந்தச் சுமை முழுவதும் முழங்காலில் இறங்கும். வகுப்பைத் தவறாகத் தேர்ந்ததன் விலை மதிப்பெண்ணில் தெரிவதில்லை, சில ஆண்டுகள் கழித்து மூட்டில் தெரியும்.

ருக்மிணி தேவி 1936இல் தொடங்கிய நிறுவனமே கலாக்ஷேத்திரா. அங்கே குருவின் வீட்டுத் திண்ணைக்குப் பதிலாக வகுப்பறையும், நேர அட்டவணையும், நான்காண்டுப் பட்டயமும் வந்தன. நட்டுவனார்களே ஆசிரியர்களாக இருந்தார்கள். எனினும் ஒரு மாணவரைப் பார்த்துப் பாடம் சொல்வதற்கும் ஓர் ஆண்டு மாணவர்கள் அனைவருக்கும் சேர்த்துப் பாடம் சொல்வதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. தனி மாணவருக்காகக் கழியின் வேகத்தை இறக்கலாம். பதினைந்து பேருக்கு ஒரே கழிதான்.

தேர்வும் தரமும்

படிகளுக்கு எண் இட்டு, வெளியிலிருந்து வருபவர் தேர்வு நடத்தும் முறை தமிழர்களிடையே முன்னதாக நிலைபெற்ற இடங்களில் ஒன்று யாழ்ப்பாணம். 1931இல் தொடங்கிய வட இலங்கைச் சங்கீத சபை இசைக்கும் நடனத்துக்கும் தரம் தரமாகப் பரீட்சைகள் நடத்தியது. மேல் தரங்களைத் தாண்டியவர் கலாவித்தகர் ஆனார். ஊருக்கு ஊர் ஆசிரியர் வேறாக இருந்தாலும், மூன்றாம் தரம் என்றால் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பது குடாநாடு முழுவதும் ஒன்றாக ஆனது. 1960இல் மருதனார்மடத்தில் தோன்றிய இராமநாதன் இசைக் கல்லூரி 1975இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. பள்ளிப் பிள்ளையின் முதல் தரத்திலிருந்து பல்கலைக்கழகம் வரை நீளும் ஒரே ஏணி அங்கே உருவானது.

தமிழ்நாட்டில் அரசுத் தேர்வுத் துறை நடத்தும் தொழில்நுட்பத் தேர்வுகளில் ஓவியம், தையல், அச்சுக்கலை, கைத்தறி நெசவு ஆகியவற்றோடு இசையும் நடனமும் இடம்பெற்றன. மாணவர் பேச்சில் இவை லோயர், ஹையர். இரண்டையும் முடித்து ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழும் பெற்றவர் அரசுப் பள்ளிகளில் சிறப்பாசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். நடனம் வேலைக்கான தகுதியாக மாறியது இப்படித்தான். தையல் இயந்திரத்தோடு ஒரே பட்டியலில் வர்ணம் இருப்பதைக் குறைவாக நினைப்பவர்கள் உண்டு. சிறு நகரங்களில் நடனம் கற்ற முதல் தலைமுறைப் பெண்களுக்கு வீட்டில் அனுமதி வாங்கித் தந்ததில் அந்தப் பட்டியலுக்குப் பங்கு உண்டு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தேர்வால் ஓர் இழப்பும் வந்தது. தேர்வுக்கு உரிய உருப்படிகளை மட்டும் மனப்பாடமாக்கிப் படி ஏறுவது எளிதாயிற்று. ஹையர் முடித்த ஒருவர் கேட்டறியாத ஒரு ஜதிக்கு அடவு கோக்கத் திணறுவதும், தேர்வே எழுதாத நட்டுவனார் வீட்டுப் பிள்ளை அதை உட்கார்ந்தபடியே செய்துகாட்டுவதும் நடன வகுப்புகளில் புதியவை அல்ல. ஆனால் நியமன விண்ணப்பத்தில் சான்றிதழ் எண்ணுக்கே கட்டம் இருக்கும்.

பசுமலையும் சுற்றுவட்டாரமும்

சென்னையில் 1949இல் கர்நாடக இசைக்காகத் தொடங்கிய அரசுக் கல்லூரியைத் தொடர்ந்து திருவையாறு, மதுரை, கோவை ஆகிய ஊர்களிலும் தமிழ்நாடு அரசு இசைக் கல்லூரிகள் அமைந்தன. மதுரைக் கல்லூரி நகரின் தென்மேற்கே, திருப்பரங்குன்றம் செல்லும் வழியில் பசுமலையில் இருக்கிறது. பரதநாட்டியத்தில் மூன்றாண்டுப் பட்டயமும், அதன்மேல் ஈராண்டு நட்டுவாங்கப் பயிற்சியும் இந்தக் கல்லூரிகளின் வழக்கமான படிப்புகள். 2013இல் தமிழ்நாடு இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம் தோன்றியபின் பட்டப் படிப்புகள் அதன்கீழ் வந்தன.

கல்லூரிக்கு முந்தைய படிகளையும் அரசின் கலை பண்பாட்டுத் துறை வகுத்திருக்கிறது. ஐந்து முதல் பதினாறு வயது வரையுள்ளவர்களுக்கு ஜவகர் சிறுவர் மன்றம். அடுத்தது மாவட்ட அரசு இசைப் பள்ளி. மதுரையைச் சுற்றியுள்ள பகுதிக்குச் சிவகங்கையும் இராமநாதபுரமும் அருகில் உள்ளவை. அங்கே மூன்றாண்டுச் சான்றிதழ்ப் படிப்பு. வழக்கமான சேர்க்கை அறிவிப்பின்படி வயது 12 முதல் 25 வரை. குரலிசை, பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவற்றுக்கு ஏழாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். நாதசுரம், தவில், தேவாரத்துக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும்.

இந்த விதிகளில் கவனிக்க வேண்டியது, அவை கேட்கும் தகுதி வயதும் பள்ளிப் படிப்பும் என்பதே. அரைமண்டி எவ்வளவு ஆழம், எந்தக் காலம் வரை அடவு வரும் என்று அறிவிப்பு கேட்பதில்லை. இதைக் குறை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. முன்பே கற்றிருக்க வேண்டும் என்று விதித்தால், நகரத்தில் தனியாகக் கட்டணம் கட்டிக் கற்றவர்களுக்கே இடம் கிடைக்கும். மேலூரிலோ உசிலம்பட்டியிலோ பேரையூரிலோ பள்ளி ஆண்டுவிழாவில் சினிமாப் பாட்டுக்கு ஆடியதைத் தவிர வேறு பயிற்சி இல்லாத பிள்ளைக்குக் கதவு மூடிவிடும். கதவைத் திறந்து வைத்ததால் வந்த சிக்கல் வகுப்பறைக்குள் தீர்க்கப்பட வேண்டியதாயிற்று.

வழக்கமான தீர்வு, எல்லோரையும் தட்டடவிலிருந்து தொடங்க வைப்பது. பதினோரு வயதில் அரங்கேற்றம் முடித்து, வீட்டில் படம் மாட்டி, பத்து உருப்படிகளோடு வரும் மாணவிக்கு இது அவமானமாகப் படும். முதல் சில வாரங்களில் வகுப்பை விட்டு விலக நினைப்பவர்கள் பெரும்பாலும் தொடக்கநிலையினர் அல்லர், இவர்கள்தான். பந்தநல்லூர் பாணியில் கற்றவர் வழுவூர் பாணி ஆசிரியரிடமும், இரண்டும் கலந்து கற்றவர் கலாக்ஷேத்திரா வழி வந்த ஆசிரியரிடமும் சேரும்போது கையின் நீளம், பாதத்தின் உயரம், அடவின் பெயர் எல்லாமே மாறுகின்றன. பழகிய உடலைத் திருத்துவது புதிய உடலைப் பழக்குவதைவிட மெதுவாக நடக்கும். அந்த வகையில் அவருக்கும் தட்டடவு தேவைதான். ஆனால் புதியவருக்குத் தேவைப்படுவது போல ஓராண்டு தேவை இல்லை.

மறுபுறம் புதியவர். கூட்டத்தோடு சேர்ந்து ஆடும்போது முன்வரிசைக்காரரைப் பார்த்துப் பின்தொடரலாம். கால் சரியாக விழுவது போலத் தோன்றும். தனியாக நிறுத்தினால் தாளம் நழுவும். நல்ல ஆசிரியர்கள் இவரைப் பின்வரிசையில் விட்டுவைக்காமல் அடிக்கடி முன்னே கொண்டுவருவதற்குக் காரணம் இதுவே. ஐந்து நிமிடம் தனியாக நாட்டடவு செய்யச் சொன்னால், ஆண்டுகளின் எண்ணிக்கை சொல்லாததை அது சொல்லிவிடும்.

இந்த இரண்டு வகைக்கும் அடங்காத மூன்றாம் வகை மதுரை வட்டாரத்தில் நிறைய. தவில் வாசிக்கும் வீட்டுப் பையன் திஸ்ரத்துக்கும் கண்டத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தூக்கத்திலும் சொல்வான். அவனுக்கு அரைமண்டி புதிது. தேவராட்டம் ஆடி வளர்ந்தவரின் காலில் வலுவும் தாளமும் உண்டு. விறைத்து நீட்டிய கையும் நிமிர்ந்த முதுகும் இனிமேல்தான் வர வேண்டும். ஓதுவார் மரபில் தேவாரம் கற்றவருக்குப் பதத்தின் பொருளும் இராகமும் உடனே பிடிபடும், குதித்துமெட்டு பிடிபடாது. இவர்களைத் தொடக்கநிலை என்றோ இடைநிலை என்றோ ஒரே சொல்லால் குறிப்பது பொருந்தாது. தாளத்தில் மூன்றாம் படி, உடலில் முதல் படி, பாவத்தில் இரண்டாம் படி என்று தனித்தனியே பார்க்க வேண்டியிருக்கிறது. அரங்கேற்று காதை ஆசிரியர்களைப் பிரித்துச் சொன்னதன் பயன் இங்கே விளங்குகிறது.

உலகின் பிற கல்லூரிகளும் இதே சிக்கலைச் சந்தித்தவைதாம். அமெரிக்காவில் நடனத்தை முதன்முதலில் பல்கலைக்கழகப் பட்டப் படிப்பாக்கியது விஸ்கான்சின் பல்கலைக்கழகம், 1926இல். அங்கே மேடைக் கலைஞர்களை உருவாக்குவதைவிட எல்லா மாணவருக்கும் உடலை அறியத் தருவதே நோக்கமாக இருந்தது. பின்னர் பாலே கல்லூரிகளுக்குள் வந்தபோது, தொழில்முறைக்குப் போகிறவரும் ஆர்வத்துக்காக வருபவரும் ஒரே கம்பியைப் பிடித்து நிற்க நேர்ந்தது. எண்ணிட்ட வகுப்புகளும், ஆண்டின் தொடக்கத்தில் எல்லோரையும் ஆடவைத்துப் பார்த்து வகுப்புப் பிரிக்கும் வழக்கமும் அதற்கு விடையாக அமைந்தன. அந்த முறையில் ஒரு வசதி உண்டு. ஓராண்டு கழித்து ஒருவர் அதே எண்ணுள்ள வகுப்பில் மீண்டும் சேர்ந்தாலும் அது தோல்வியாகக் கருதப்படுவதில்லை. ஆண்டும் நிலையும் ஒன்றாகக் கட்டப்பட்ட பட்டயப் படிப்பில், மூன்றாம் ஆண்டு மாணவர் முதலாண்டு வகுப்பில் போய் நிற்பது அத்தனை எளிதல்ல.

அரங்கேற்றம் என்னும் குழப்பம்

வகுப்பு நிலை பற்றிய தவறான முடிவுகளில் பல அரங்கேற்றத்தைச் சுற்றியே நிகழ்கின்றன. மாதவிக்கு அது ஏழாண்டுப் பயிற்சியின் சோதனை. இன்று பல குடும்பங்களுக்கு அது படிப்பின் நிறைவுவிழா. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன் முடித்துவிட வேண்டும் என்று நாள் குறிக்கப்படுகிறது. அந்த நாளை நோக்கி வர்ணம் பின்னோக்கித் திட்டமிடப்படுகிறது. மண்டபம், பக்கவாத்தியம், ஒப்பனை, உடை, விருந்து என்று செலவு கூடக்கூட, இன்னும் ஓராண்டு பொறுக்கலாம் என்று ஆசிரியர் சொல்வது கடினமாகிறது. ஒன்பது உருப்படிகளை மேடையில் ஆடிமுடித்தவர், பத்தாவது உருப்படியைத் தானாகக் கற்கும் நிலைக்கு வந்திருக்கிறாரா என்பது வேறு கேள்வி. கல்லூரியின் முதல் வாரத்தில் பெரும்பாலும் விடை தெரிவது அந்தக் கேள்விக்குத்தான்.

புலம்பெயர்ந்த தமிழர்களிடையே இந்தக் குழப்பத்துக்கு இன்னொரு விடை கிடைத்தது. யாழ்ப்பாணத்தின் தரப் பரீட்சைப் பழக்கத்தைக் கையோடு கொண்டுசென்றவர்கள் இலண்டனிலும் பிற நகரங்களிலும் அதைத் தொடர்ந்தார்கள். 1999இல் இங்கிலாந்தின் இம்பீரியல் நடன ஆசிரியர் சங்கம் தெற்காசிய நடனங்களுக்கென ஒரு பிரிவை ஏற்படுத்தி, பரதநாட்டியத்துக்கும் கதக்குக்கும் படிநிலைத் தேர்வுகளை வகுத்தது. செக்கெட்டி முறை பாலே தேர்வுகளை 1924 முதல் நடத்திவரும் சங்கமும் அதுவே. பாலேயிலிருந்து விலகிப் பரதநாட்டியத்துக்கு வந்தார் ருக்மிணி தேவி. அவர் மறைந்து பதின்மூன்று ஆண்டுகளில் பரதநாட்டியம் பாலேயின் தேர்வுப் பலகைக்கு அருகே போய் நின்றது.

நட்டுவாங்கம்

மதுரை உள்ளிட்ட அரசு இசைக் கல்லூரிகளின் படிவரிசையில் கடைசியாக வருவது ஈராண்டு நட்டுவாங்கப் பயிற்சி. மூன்றாண்டுகள் ஆடி முடித்தவர் இங்கே சலங்கையைக் கழற்றிவைத்துவிட்டுத் தரையில் அமர்கிறார். கையில் தாளம், முன்னால் தட்டுப்பலகை. ஆட்டத்தில் முதலாக நின்றவரின் வாய் சொற்கட்டில் குழறுவதும், பின்வரிசையில் ஆடியவர் ஒரு தீர்மானத்தைத் தெளிவாகச் சொல்லி முடிப்பதும் இந்த வகுப்பில் இயல்பு. பாடம் மறுபடியும் தட்டடவிலிருந்து தொடங்குகிறது. இம்முறை ஆடுவதற்காக அல்ல. எதிரே நிற்கும் வேறொருவரின் முழங்கால் எந்தக் காலத்தில் தளர்கிறது என்று பார்த்து, கழியின் வேகத்தை இறக்கப் பழகுவதற்காக.